பெர்ட் பாவரை எழுதிய கைகள்

தமிழ் மெகா தொடரில் நடிகர் மாறினால் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் போட்டுவிடுவார்கள். கதை எழுதுபவர் மாறினால் அப்படி எதுவும் வராது. ஆனால் பாத்திரத்தின் குணத்தையே புரட்டிப்போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது மாற்றம்தான். நாயகன், நாயகி ஓரளவு தப்பித்துக்கொள்வார்கள். அடி வாங்குவது அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் போன்ற துணைப் பாத்திரங்கள்.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் 'கைடிங் லைட்' தொடரில் வந்த பெர்ட் பாவர் என்ற பெண்ணைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொடர் 1937 ஜனவரியில் வானொலியில் தொடங்கியது, 1952 ஜூனில் தொலைக்காட்சிக்கு வந்தது, 2009 செப்டம்பரில் முடிந்தது. சாரிட்டா பாவர் என்ற நடிகை 1950-ல் வானொலியிலேயே பெர்ட்டாகச் சேர்ந்து, 1980-களின் நடுப்பகுதி வரை அந்த வேடத்தில் இருந்தார். (குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல். அவர் வருவதற்கு முன்பே கதையில் பாவர் குடும்பம் உண்டு.) முகமும் குரலும் மாறவில்லை, எழுதிய கைகள்தான் மாறிக்கொண்டே இருந்தன. அதனால் எழுத்தாளர் மாற்றம் என்ன செய்கிறது என்பதை இங்கே தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

தொடரை உருவாக்கிய இர்னா பிலிப்ஸ் எழுதிய பெர்ட்டை யாருக்கும் எளிதில் பிடிக்காது. கணவன் பில்லை நச்சரிப்பவள், இன்னும் சம்பாதி, இன்னும் நல்ல வீடு வேண்டும் என்று துளைப்பவள். பில் குடிக்குள் விழுகிறான். நிதானத்தின் குரலாக இருப்பவர் மாமனார் 'பாப்பா பாவர்'. அன்று அத்தியாயம் 15 நிமிடம்தான். சிலர் மட்டுமே பேசும் அந்த இடத்தில் பெர்ட்டுக்குக் கூர்மையான குணம் தேவைப்பட்டது.

பிலிப்ஸ் 1958-ல் விலகியபோது பொறுப்பு ஆக்னஸ் நிக்சனிடம் வந்தது. நிக்சன் செய்ததை ஒவ்வொரு தொடர் எழுத்தாளரும் படிக்க வேண்டும். பெர்ட்டைத் திடீரென்று நல்லவளாக்கவில்லை. வீட்டில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கும் பெண், தன் உடம்பை மட்டும் கவனிக்காமல் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறாள் என்று எழுதினார். பழைய குணத்தின் மறுபக்கம் அது. 1962-ல் அந்தக் கதை வந்தது: பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும்) பரிசோதனை, ஆரம்பநிலையில் கண்டுபிடிக்கப்பட்ட கருப்பைப் புற்றுநோய், அறுவை, குணமடைதல். 'புற்றுநோய்', 'கருப்பை', 'கருப்பை நீக்கம்' என்ற சொற்கள் வசனத்தில் வரவே கூடாது என்பது விளம்பரதாரரான புராக்டர் அண்ட் கேம்பிளும் தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனமும் போட்ட நிபந்தனை. சொல் இல்லாமலே பார்வையாளர்களுக்குப் புரிந்தது. புதிதாக அறிமுகமான ஒரு பாத்திரத்துக்கு இதே நோய் வந்திருந்தால் பாதி வலு இருந்திருக்காது. பத்தாண்டுக்கும் மேலாகத் தெரிந்தவளுக்கு வந்தது என்பதுதான் விஷயம்.

இங்கே வேலை நடக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பகல்நேரத் தொடரில் தலைமை எழுத்தாளர் ஆறு மாதம், ஓராண்டு என்று நீண்ட கதையை எழுதி ஒப்புதல் வாங்குவார். அடுத்த நிலையில் சிலர் அதை வாரத்துக்கு 5 அத்தியாயங்களாக, காட்சி காட்சியாகப் பிரிப்பார்கள். அதற்கும் பிறகுதான் வசனம். நீண்ட கதையில் துணைப் பாத்திரத்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது. "மகனின் திருமணம் உடைகிறது" என்றுதான் இருக்கும். அதை அவன் யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்ற தேவை காட்சியைப் பிரிக்கும்போது எழும், அம்மா அங்கேதான் உள்ளே வருவாள். ஆக அவள் எதற்குச் சிரிப்பாள், எதை மன்னிக்கமாட்டாள் என்ற நினைவெல்லாம் இரண்டாம், மூன்றாம் நிலை எழுத்தாளர்களிடம் இருக்கிறது. தலைமை மாறி இவர்கள் நீடித்தால் பாத்திரத்தின் பேச்சு தப்பிக்கும். புதியவர் தன் ஆட்களை மொத்தமாகக் கொண்டுவந்தால் அந்த நினைவு ஒரே நாளில் வாசலைத் தாண்டிவிடும். பிறகு அந்த அம்மா காபி ஊற்றிக்கொடுத்து "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கும் காதாக மட்டும் மிஞ்சுவாள்.

பெர்ட்டுக்கும் அந்த ஆபத்து இருந்தது. தொடர் 1968-ல் அரை மணி நேரமாகவும் 1977-ல் ஒரு மணி நேரமாகவும் நீண்டது. புதுக் குடும்பங்கள் நுழைந்தன, இளையவர்களின் காதல் முன்னே வந்தது, பெர்ட் ஓரத்துக்கு நகர்ந்தாள். பிரிட்ஜெட், ஜெரோம் டாப்சன் தம்பதி எழுதிய காலத்தில், இறந்ததாக நம்பப்பட்ட பில் உயிரோடு திரும்பினான். அவனுக்கு வேறொரு குடும்பமும் ஹிலரி என்ற மகளும் இருந்தது தெரியவந்தது. செத்தவனை எழுப்புவது மலிவான உத்திதான், ஆனால் இங்கே அது வேலை செய்தது. காரணம், அந்த வருகை யாரைக் காயப்படுத்தும் என்று பார்த்து எழுதினார்கள். பழைய பெர்ட்டாக இருந்தால் வீட்டையே ரணகளமாக்கியிருப்பாள். இந்தப் பெர்ட் ஹிலரியை ஏற்றுக்கொள்கிறாள். பழைய பெர்ட்டை நினைவில் வைத்திருந்தவர்களுக்கே அந்தத் தூரம் தெரியும்.

பிறகு சாரிட்டா பாவரின் கால் ஒன்றை அகற்ற வேண்டிவந்தது. அப்போது தலைமை எழுத்தாளராக இருந்தவர் பமேலா லாங். 1984-ல் பெர்ட்டும் காலை இழந்து, அந்த வாழ்க்கைக்குப் பழகும் கதை ஒளிபரப்பானது. நடிகையை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. சாரிட்டா பாவர் 1985 பிப்ரவரியில் இறந்தார். பெர்ட்டின் மறைவு 1986-ல்தான் கதையில் வந்தது.

லாங்குக்கு முன்பு, 1980 முதல் 1982 வரை எழுதிய டக்ளஸ் மார்லண்ட் பிற்பாடு ஒரு தொடரைக் கெடுக்காமல் இருப்பதற்கான விதிகளைச் சொல்லியிருக்கிறார், 1993-ல் அச்சில் வந்தன. முதலில் தொடரைப் பார், அதன் வரலாற்றைப் படி. முதல் 6 மாதம் யாரையும் வெளியேற்றாதே. புதுப் பாத்திரத்தை ஏற்கெனவே உள்ளவர்களோடு பிணைத்து மெதுவாக வளர்த்தெடு. "இவர் இப்படிச் செய்யவே மாட்டாரே" என்று பார்வையாளர் சொல்லிவிட்டால் நீ தோற்றுவிட்டாய். நடைமுறையில் அதிகம் மீறப்படுவது அந்த 6 மாத விதிதான் என்று நினைக்கிறேன். புதியவருக்குத் தன் முத்திரை உடனே தெரிய வேண்டும். துணைப் பாத்திரத்தை வெட்டினால் செலவும் குறையும். அந்தப் பாத்திரம் வழியாக எத்தனை கதைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே தொடரில் அது நடந்தது. பெர்ட்டுக்குப் பிறகு பாவர் வீட்டைத் தாங்கியவள் அவள் மகன் எட்டின் மனைவி மொரீன். மார்லண்ட் உருவாக்கிய ரியர்டன் குடும்பத்துப் பெண் அவள். எட்டுக்கும் லிலியன் என்ற பெண்ணுக்கும் இருந்த உறவு தெரியவந்ததும், 1993 தொடக்கத்தில் மொரீனை ஒரு கார் விபத்தில் கொன்றார்கள். கதையாக எடுத்துக்கொண்டால் அந்த அத்தியாயங்கள் வலுவானவை, மறுக்க முடியாது. ஆனால் எட், லிலியன், பிள்ளைகள், ரியர்டன் வீட்டார் என்று எல்லோரையும் ஒரே அறைக்குள் கொண்டுவரக்கூடிய ஆள் அதற்குப் பிறகு இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். மொரீனாக நடித்த எலன் பார்க்கர் அந்த ஆண்டே சிறந்த துணை நடிகைக்கான பகல்நேர எம்மி விருதை (அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சிக்கான விருது) பெற்றார். அப்போது மொரீன் கதையில் இல்லை.