அத்தை சிரித்த படம்

எங்க அத்தை போய் இன்றோடு 26 நாள் ஆகிறது. ஒரு படத்துக்காக நானும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம், அத்தை இருந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டியிருப்பாள். அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இறந்த அன்று சாயந்திரமே ஸ்டுடியோவில் படம் கேட்டார்கள், பெரிதாக்கி ஃபிரேம் போட வேண்டும் என்று. பரணில் இருந்த ஆல்பத்தையெல்லாம் இறக்கினோம். என் கல்யாணம், தங்கச்சியின் மஞ்சள் நீராட்டு, வீடு குடிபோனது, எல்லாவற்றிலும் அத்தை இருக்கிறாள். ஆனால் ஒன்று வாயை இறுக மூடியிருக்கிறாள், இல்லையென்றால் முந்தானையை வாய்மேல் வைத்திருக்கிறாள். கடைசியில் ஆதார் கார்டுக்கு எடுத்த படத்தைத்தான் கொடுத்து அனுப்பினார் அப்பா. அதில் இருப்பது யாரோ ஒரு அம்மா. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்த எங்க அத்தை அதில் இல்லை.

எங்க ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன ஊர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறைய ஊர்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பூமிக்கடியில் இருக்கும் பாறையிலிருந்து கரைந்து வருவது அது, ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால், பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும். வேப்பங்குச்சி, அடுப்புச் சாம்பல், பிற்பாடு வந்த பேஸ்ட், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஊருக்குள் யாரும் அதை ஒரு குறையாகப் பார்த்ததில்லை, எல்லோருக்கும்தானே இருக்கிறது. வெளியூரில் இருந்து வருகிறவர்கள்தான் பார்ப்பார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் அத்தையைப் பார்த்ததும். அப்போது அத்தைக்கு 19 வயது, சேலம் பக்கத்தில் இருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். காபி கொடுக்கும்போது யாரோ ஏதோ கேட்க, அத்தை சிரித்துவிட்டாளாம். வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். போகிற வழியில், பொண்ணு பல்லு ஏன் இப்படி இருக்குது, புகையிலை போடுமா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்களாம். இதை அப்பா என்னிடம் சொன்னது அத்தை போன மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது. எனக்கு 38 வயதாகிறது, அதுவரைக்கும் இது எனக்குத் தெரியாது. "அன்னைக்குப் பிடிச்ச முந்தானைடா அது" என்றார்.

அப்புறம் உள்ளூர்ப் பக்கமே ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா 6 வருஷம்தான் இருந்தார். குழந்தை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா தோட்ட வேலைக்குப் போய்விடுவார், என்னையும் தங்கச்சியையும் வளர்த்தது முழுக்க அத்தைதான்.

அத்தை எங்களுக்குப் பச்சைத் தண்ணீர் தரவே மாட்டாள். யாரோ நர்ஸம்மா சொல்லியிருக்கிறார், தண்ணியைக் கொதிக்க வெச்சுக் கொடுங்க என்று. தினமும் விடியற்காலையில் எழுந்து விறகு மூட்டி, போர் தண்ணீரைக் குண்டானில் நன்றாகக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற வைத்து, பானையில் ஊற்றி வைப்பாள். பிள்ளைங்களுக்காவது பல்லு நல்லா வரணும் என்பாள். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும் என்பதை நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் முன்பல்லிலும் கறை உண்டு. அத்தையிடம் நான் அதைக் கடைசிவரை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் கூட்டிப்போவாள். பென்னாகரம் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போவோம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மீன் வறுக்கும் வாசனையில் நாங்கள் துடித்துக்கொண்டிருக்க, அத்தை மட்டும் ஒரு கேனில் காவிரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருப்பாள், வீட்டுக்குக் கொண்டுபோக. "இவ்வளவு தண்ணி நம்ம மாவட்டத்திலயே ஓடுது, நமக்கு ஒரு குடம் இல்ல பாரு" என்பாள் ஒவ்வொரு தடவையும். 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், ஜப்பான் கடன் கொடுத்தது, 2013-ல் திட்டம் தொடங்கியது. எங்க தெருக் குழாயில் முதன்முதலாக ஆற்றுத் தண்ணீர் வந்த அன்று அத்தை எனக்கு போன் செய்து வேறு எதுவும் பேசவில்லை, "குடிச்சுப் பார்த்தேன் சாமி, கேன்ல கொண்டாந்தோமே அதே ருசி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆனால் அத்தையின் உடம்பில் ஏறியது ஏறியதுதான். முட்டியும் இடுப்பும் இறுகிப்போய், கடைசி நாலு வருஷம் கீழே உட்கார முடியவில்லை. எலும்பிலும் அது சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அத்தைக்கு வலியைவிட, களி கிண்ட முடியவில்லையே என்பதுதான் பெரிய குறை.

அத்தை களி கிண்டுவதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தண்ணீர் கொதித்து நொய் வெந்ததும், ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டிக் கோலால் ஒரு ஓட்டை போட்டு விட்டுவிடுவாள். அந்த ஓட்டை வழியாகக் கஞ்சி பொங்கி மேலே வந்து மாவு வேக வேண்டும். அவசரப்பட்டால் கட்டி விழும். பிறகு குண்டானை இறக்கி, துணி சுற்றி, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக் கிண்ட ஆரம்பித்தாளானால் பக்கத்தில் யாரும் போக முடியாது. உருட்டிப் போட்ட களியில் குழி பறித்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றித் தருவாள், சில நாள் கீரைக் கடைசல். "மெல்லாதடா, முழுங்கு."

சரி, படத்துக்கு வருகிறேன். காரியத்துக்கு நாலு நாள் முன்னால் என் பழைய போனை சார்ஜ் போட்டுத் தேடினேன். 2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எடுத்த ஒரு வீடியோ கிடைத்தது. அத்தை களி கிண்டுகிறாள், நான் போனோடு கிட்டே போகிறேன். "டேய் அதைக் கீழ வைடா சாமி, மூஞ்சியெல்லாம் மாவு" என்று சொல்லிச் சிரிக்கிறாள். இரண்டு கையும் கோலில் இருக்கிறது, விட்டால் களி கட்டி விழும். முந்தானையை எடுக்க முடியவில்லை. அதனால் சிரிக்கிறாள், முழுசாக, எல்லாப் பல்லும் தெரிய. அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன், அத்தை வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. மாசி, பங்குனியில் பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டும்போதும் அப்படித்தான், கையெல்லாம் புளிப் பிசுக்கு, சேலையைத் தொட முடியாது, கொட்டை எடுத்துக்கொண்டே சிரிப்பாள்.

அந்த வீடியோவிலிருந்து ஒரு படம் எடுத்து அப்பாவிடம் காட்டி, காரியத்துக்கு இதையே வைக்கலாம் என்றேன். வெகுநேரம் பார்த்தார். "வேண்டாம். அக்கா ஆயுசு பூரா மறைச்சதை நாம நாலு பேர் முன்னாடி வைக்கக் கூடாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அது அத்தை செய்த தப்பா, இன்னமும் அந்தச் சேலத்துக்காரர்களுக்குப் பயந்துகொண்டு இருக்க வேண்டுமா என்று கத்திவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. காரியத்தில் ஆதார் படம்தான் இருந்தது. மாலை போட்டோம், களி உருண்டையும் குழம்பும் வைத்துப் படைத்தோம். அம்மா கிண்டிய களி, லேசாகக் கட்டி தட்டியிருந்தது.

நான் சொன்னதும் தப்பில்லை, அப்பா சொன்னதும் தப்பில்லை என்றுதான் இப்போதும் படுகிறது.

போன ஞாயிறு ஊருக்குப் போனபோது அந்தப் படத்தைச் சின்னதாக ஒன்று பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கூடத்தில் மாட்டவில்லை. சமையலறையில், களி கிண்டும் கோல் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் மாட்டினேன். அங்கே வெளியாட்கள் யாரும் வருவதில்லை. என் மகளுக்கு 7 வயது, முன்பல் இரண்டும் இப்போதுதான் முழுசாக முளைத்திருக்கிறது, அத்தை ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்ப்பாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி சிரிக்குது" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"களி ஆறுது, வந்து உட்காரு" என்றார்.