வாழ்த்துகள் மேடம், பாப்பாவுக்கு ஆறு மாசம்!

சின்னவனுக்கு இன்றோடு ஆறு மாதம் முடிந்துவிட்டதாம். ஒரு கம்பெனி போன் போட்டுச் சொன்னது. என் கணக்கில் அது போன வாரமே முடிந்து, அத்தை நல்ல நாள் பார்த்து ராகிப் பால் காய்ச்சி ஊட்டி, அதை அவன் அவர் புடவையிலேயே துப்பி, எல்லாம் ஆயிற்று. ஆனால் கம்பெனிக்காரர்கள் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இவனோ ஒன்பது நாள் முந்திக்கொண்டு வந்தவன். அவர்கள் ரெக்கார்டில் ஒன்பது நாள் இளையவனாக இருக்கிறான்.

அந்தத் தேதி அவர்களுக்கு எப்படிப் போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் அந்த சாக்ஸ். வேளச்சேரியில் மாலுக்குப் போனபோது ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்தேன், எலுமிச்சம்பழ சைஸில் மஞ்சளாக. பில் போடுகிற பையன் மொபைல் நம்பர் கேட்டான். அப்புறம் பெயர், அப்புறம் மெயில், அப்புறம் "டெலிவரி எப்ப மேடம்?" பின்னால் ஆறு பேர் டிராலியோடு நின்று பெருமூச்சு விடுகிறார்கள். மசக்கைக்காரியின் ஜாதகத்தை வாங்கிக்கொண்டுதான் சாக்ஸைக் கொடுத்தான். அதில் ஒரு கால் சாக்ஸ் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது. தேதி மட்டும் தொலையவே இல்லை. ஊர் ஊராக, கம்பெனி கம்பெனியாகப் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் வந்தவர்கள் தொப்புள்கொடி ரத்தத்தை, அதில் இருக்கிற ஸ்டெம் செல்களுக்காக (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்கள்), சேமித்து வைக்கிற ஆட்கள். அவன் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். டை கட்டிய ஒரு தம்பி டேப்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, வரிசையாக வியாதிகளின் பெயரைப் படித்தான். பிறக்காத பிள்ளைக்கு இத்தனை நோயா என்று எனக்கு வயிறே இறுகிவிட்டது. "இந்த சான்ஸ் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் சார்" என்று இவரைப் பார்த்துச் சொன்னான். அறுபதாயிரத்துச் சொச்சம். மாதத் தவணையும் உண்டு. இவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். பயமுறுத்தினால் பணம் கொடுக்கிற ஜாதி இவர், கார் சர்வீஸிலும் அப்படித்தான். நல்லவேளை, மறுநாள் செக்கப்பில் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டோம். பிள்ளை பின்னாளில் தனக்கே பயன்படுத்திக்கொள்ளும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2017-லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறதாம். மூத்த பிள்ளைக்கு அந்த ரத்தத்தால் குணமாகக்கூடிய நோய் ஏதாவது இருந்தால் விஷயம் வேறு. நம் பெரியவளுக்கு இருப்பது வாய் ஒன்றுதான். அதற்கு எந்த ஸ்டெம் செல்லும் கிடையாது.

இதைக் குடும்பக் குரூப்பில் சொல்லப்போக, பெரியப்பா எழுதிவிட்டார்: தமிழன் அன்றே தாயத்துக்குள் தொப்புள்கொடியை வைத்து அரைஞாணில் கட்டினான், ஸ்டெம் செல் நம் கண்டுபிடிப்பு, பத்துப் பேருக்குப் பகிரவும். காய்ந்து சருகான கொடியில் என்ன செல் உயிரோடு இருக்கும் பெரியப்பா என்று கேட்டவளுக்குக் கைகூப்புகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. ஆனால் அத்தை விஷயமே வேறு. பீரோவைத் திறந்து, பவுடர் டப்பா ஒன்றிலிருந்து இவருடைய வெள்ளித் தாயத்தை எடுத்து அந்த டை கட்டிய தம்பியிடம் காட்டியவர் அவர். "இந்தா பாரு தம்பி, முப்பத்தஞ்சு வருஷமா நானும்தான் வெச்சிருக்கேன். ஒத்தப் பைசா வாங்கல." அந்தத் தம்பி காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

எனக்கு இந்தக் கம்பெனிகள் மேல் பொறாமைகூட உண்டு. ஒரு சட்டம் போட்டால் எவ்வளவு அழகாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்! எனக்கு டைபாய்டு வந்தபோது கொஞ்ச நாள் டாக்டர் எழுதிக்கொடுத்த பால் பவுடர் கொடுத்தோம். குருவிப் படம் போட்டிருந்த டப்பாவைப் பெரியவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது குழந்தைக்கா, குருவிக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. டப்பாவில் குழந்தை படமும் போடக் கூடாது, தாய் படமும் போடக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2003-ல் இன்னும் இறுக்கி, இரண்டு வயது வரைக்குமான பவுடர், பால் புட்டி, மாவு எதற்கும் விளம்பரமே கூடாது என்றார்கள். தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே அச்சடிக்கவும் வேண்டும். தன் சரக்கைவிட இன்னொன்று உசத்தி என்று தானே எழுதி விற்கிற வியாபாரம் உலகத்தில் வேறு இருக்கிறதா? சரி, விளம்பரம் கூடாது என்றால் என்ன செய்வார்கள்? இரண்டு வயது தாண்டியவர்கள் குடிக்கிற பவுடருக்கு விளம்பரம் போடுவார்கள். அதே நிறம், அதே எழுத்து, ஓரத்தில் நம்பர் மட்டும் வேறு.

மாவுக் கதை 2024-ல் பேப்பரில் வந்தது. இங்கே விற்கிற பிரபலமான குழந்தை மாவில் சர்க்கரை சேர்க்கிறார்கள், அதே கம்பெனி ஸ்விட்சர்லாந்தில் விற்பதில் சேர்ப்பதில்லை என்று அந்த நாட்டு அமைப்பு ஒன்றே ஆராய்ந்து போட்டு உடைத்தது. அன்று முதல் அத்தைக்கு மாவு டப்பா என்றாலே ஆகாது. ராத்திரியே ராகியை ஊறப்போட்டு, காலையில் அரைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து, அடியில் பால் தெளிகிற வரைக்கும் அந்தக் கிண்ணத்தை யாரையும் தொட விடமாட்டார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் கரண்டியை எடுத்து வந்து "பதம் சரியா பாரு" என்று கேமரா முன்னால் நீட்டுவார். என் மேனேஜருக்கு இப்போது ராகிக் கூழின் பதம் தெரியும்.

டயப்பருக்கும் எனக்கும் உள்ள தகராறு தனி. எஸ் சைஸ் நாலு முதல் எட்டுக் கிலோ வரை, எம் சைஸ் ஏழு முதல் பன்னிரண்டு வரை. இவன் ஏழரை. எந்த இனம் என்று கம்பெனிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எஸ் போட்டால் தொடையில் கோடு விழுகிறது, எம் போட்டால் முதுகு வழியாக வந்துவிடுகிறது. பெரிய பாக்கெட்டாக வாங்கினால் லாபம் என்று இவர் தூக்கி வந்த அன்றே பிள்ளைக்குச் சதை போடும். மீதியைத் தூக்கி யாருக்காவது கொடுக்கலாம் என்றால், இந்தத் தெருவில் அந்த எடையில் யாரும் இல்லை.

வாக்கரை மறந்துவிட்டேன். நாத்தனார் ஆசையாக வாங்கி வந்தது, பட்டனைத் தட்டினால் நான்கு பாட்டுப் பாடும், விளக்கு எரியும். படிக்கட்டில் உருண்டு மண்டை உடைகிறது என்று கனடாவில் 2004-லேயே வாக்கர் விற்கத் தடை போட்டுவிட்டார்கள். இங்கே அட்டைப்பெட்டியில் "சீக்கிரம் நடக்க உதவும்" என்று எழுதி விற்கிறார்கள். நாத்தனார் மனசு நோகக் கூடாதே என்று பால்கனியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். இப்போது அதன் வட்டத்தில் தாம்பாளத்தை வைத்து அத்தை கறிவடகம் காயவைக்கிறார். காக்கா வந்து உட்கார்ந்தால் பட்டன் அமுங்கிப் பாட்டு வருகிறது, காக்கா ஓடிவிடுகிறது. உருப்படியான சாமான்தான்.

இன்றைய போனுக்கு வருகிறேன்.

மதியம். சின்னவன் தூளியில் இப்போதுதான் கண் அசந்திருக்கிறான். காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கியை அத்தை பால்கனியிலிருந்து கையைக் காட்டியே அணைத்தாயிற்று. குக்கருக்கு லீவு. பெரியவள் பக்கத்து வீட்டில். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அலறியது. "வாழ்த்துகள் மேடம், பாப்பாவுக்கு ஆறு மாசம்!" தூளிக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்தது. அப்புறம் சத்தம் வந்தது. நான் அவனைத் தூக்க ஓடினேன், அத்தை போனைக் கையில் எடுத்தார். இன்றைக்கு ஒருத்தி தொலைந்தாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் பெட்டி விற்கிறாள். குழந்தையின் மூளையை வளர்க்கிற பெட்டி. கறுப்பு வெள்ளை அட்டைகள், துணிப் புத்தகம், மரக் கிலுகிலுப்பை. 4,999 ரூபாய், இன்று மட்டும் தள்ளுபடி. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் அத்தை, தெரியுமே.

"மூணு வயசுக்குள்ள மூளை 80 சதவீதம் வளர்ந்துடும்மா."

"மீதி இருபது?"

"அது... அப்புறமா மெதுவா வரும்மா."

"எம்புள்ளைக்கு முப்பத்தஞ்சாச்சு. இன்னும் வரல."

இவர் ஹாலில்தான் இருந்தார். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஸ்டேஜை விட்டுட்டா அப்புறம் பிடிக்க முடியாதும்மா."

"ஏன், மன்னை எக்ஸ்பிரஸா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வரியை ஆரம்பிப்பதற்குள் ஒரு அழுகை கேட்டது. இவனோ என் தோளில் விரலைச் சப்பிக்கொண்டு பேசாமல்தான் இருந்தான். அழுகை ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"யாருடி அது அழுவுறது? உம்புள்ளையா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "ஆமாம்மா. ஏழு மாசம். வீட்லேர்ந்துதான் வேலை பாக்குறேன். சாரிம்மா, அம்மா கடைக்குப் போயிருக்காங்க" என்றாள். திண்டிவனம் பக்கமாம். மூக்கடைப்பாம், ராத்திரியெல்லாம் பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு அழுகிறானாம்.

"போய்த் தூக்கு மொதல்ல. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு அத்தை வைத்தியத்தை ஆரம்பித்தார். கற்பூரவல்லி, ஓமம், வசம்பு என்று வரிசையாக வர, வசம்பில் நான் புகுந்தேன். இந்த வீட்டில் வசம்புக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு. டாக்டரிடம் காட்டும்மா, மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொட்டு எழுதிக் கொடுப்பார், பால் கொடுப்பதற்கு முன்னால் விடு என்று அத்தையின் தோளுக்கு மேலாகக் கத்தினேன். காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று அத்தை கேட்டார். இல்லை. ஒன்றுக்குப் போகிறானா? போகிறான். "அப்ப பயமில்ல. சாயங்காலம் தூக்கிட்டுப் போய்க் காட்டிடு."

"ஆமா, இந்தப் பொட்டிய நீ வாங்கிருக்கியா?"

"அதும்மா... அது என் மாச சம்பளத்துல பாதிம்மா."

"உம்புள்ள எத வெச்சு வெளையாடுறான்?"

"டம்ளரும் ஸ்பூனும்."

"இங்கயும் அதான்" என்றார் அத்தை. தெருக்கோடி வரை கேட்கும் குரலில்.

வைக்கும் முன் அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். போன் சீக்கிரம் கட்டானால் மார்க் குறையுமாம், இவ்வளவு நேரம் பேசியதற்குத் தாங்க்ஸ், கடைசியில் ஒரு ரேட்டிங் மட்டும் வேண்டும். பத்துக்கு எவ்வளவு என்றதும் அத்தை பதினொன்று என்றார். அது கிடையாதாம், பத்துதான் உச்சம். "எல்லாப் பத்தையும் போட்டுக்கோ."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் மெசேஜ் வந்துவிட்டது. எங்கள் பொருளில் தாங்கள் மிகுந்த ஆர்வம் காட்டியதற்கு நன்றி, நாளை காலை பதினொரு மணிக்கு எங்கள் சீனியர் குழந்தை வளர்ச்சி ஆலோசகர் உங்களைத் தொடர்புகொள்வார். கூடவே இரண்டு புது நம்பரிலிருந்து மிஸ்டு கால். பத்துக்குப் பத்து போட்ட வீடு என்று கொட்டை எழுத்தில் எங்கேயோ ஏறியிருக்கும். இனிமேல் பள்ளிக்கூடக்காரர்கள் வருவார்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள் வருவார்கள், காது குத்துகிறவர்கூட வருவார். இவனுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் மதியத் தூக்கம் கிடையாது.

மெசேஜை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணே பண்ணுமா, வேற யாராச்சுமா?" என்றார். தெரியவில்லை, சீனியர் என்று போட்டிருக்கிறது என்றேன். ராத்திரி ராகியை ஊறப்போடும்போது மறுபடியும் கேட்டார். படுக்கப் போகும்போது, அவராகவே முடிவும் சொல்லிவிட்டார்.

"அவளா இருந்தா எங்கிட்ட குடு, மூக்கடைப்பு விட்டுச்சான்னு கேக்கணும். வேற யாராச்சும்னா, புள்ள தூங்குதுன்னு சொல்லி வெச்சிரு."