இரும்பு உருகவே வேணாம்ணே

நேத்து டீக்கடைல ஒரு அண்ணன் மறுபடி ஆரம்பிச்சுட்டாரு, "விமான எரிபொருள்ல இரும்பு உருகாது தம்பி, அப்புறம் எப்படி 2001ல நியூயார்க்ல அந்த ரெண்டு டவரும் விழுந்துச்சு, வெடி வச்சதுதான்"னு.

உருகாதுதான், யாரு இல்லைன்னா. அதுக்கு 1500 டிகிரி கிட்ட வேணும். ஆனா எங்க தெரு பட்டறைல கம்பிய செவக்கக் காய்ச்சி ரெண்டு தட்டு தட்டுனா அப்படியே வளைஞ்சு குடுக்கும், ஒரு சொட்டு உருகாது. 600 டிகிரிலயே இரும்போட பலம் ஏறக்குறைய பாதி காலி.

அங்க விமானம் மோதி தூண்களை அறுத்ததும் இல்லாம இரும்பு மேல இருந்த தீத்தடுப்புப் பூச்சையும் உதிர்த்துடுச்சு, அப்புறம் சூட்டுல தளம் தொங்கி, அது வெளித்தூண்களை உள்பக்கமா இழுத்து, தூண் மடங்குனதும் மேல இருந்த மாடியெல்லாம் மொத்தமா இறங்குச்சு. தெற்கு டவர் 56 நிமிஷம், வடக்கு 102 நிமிஷம். அவ்ளோ நேரம் தாங்குனதால எத்தனையோ பேரு இறங்கி தப்பிச்சாங்க, அத யாரும் பேசமாட்டாங்க.

நம்ம மவுண்ட் ரோடு எல்.ஐ.சி.யும் 1975ல எரிஞ்சுது, விழல. ஆனா அதுல விமானம் மோதலையே! 2017ல தி.நகர் உஸ்மான் ரோட்டுல துணிக்கடை விடிய விடிய எரிஞ்சு ஒரு பக்கம் சரிஞ்சப்போ வெடின்னு யாராச்சும் சொன்னோமா?

அண்ணன் யோசிச்சுட்டு, "சரி, நிலாவுக்குப் போனது?"ங்கறாரு. நான் டீ காச குடுத்துட்டு கிளம்பிட்டேன்.