நான்கு டேவிட், நான்கு தாமஸ்

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பாக உயர்ந்து நிற்கும் ஒரு பழைய கல்லறை இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் இடுகாடே இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்தியதால், பிற்பாடு பெரும்பாலானவற்றை அகற்றிவிட்டார்கள். தப்பியவற்றில் இது ஒன்று. உள்ளே இருப்பவர்கள் இருவர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ். மற்றவன் டேவிட் யேல், நான்கு வயதுகூட நிறையாத குழந்தை. புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் எலிஹு யேலின் மகன்.

எலிஹு 1649இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர் என்று தெரிந்ததும் எனக்கு இந்த வம்சாவளி தேடும் கிறுக்கு பிடித்தது. பாஸ்டனில் பிறந்தவரின் பிள்ளைக்குப் பாரிமுனையில் எப்படிக் கல்லறை வந்தது? ஒரு சார்ட் பேப்பரில் நடுவே "எலிஹு" என்று எழுதி வட்டம் போட்டேன். ஆறு மாதம் ஓடிவிட்டது.

முதல் முட்டுக்கட்டை அந்தக் கல்லறையிலேயே இருந்தது. கல்வெட்டு லத்தீனில். குழந்தை பிறந்தது 15 மே 1684, இறந்தது 25 ஜனவரி 1687. தந்தையைக் கவர்னர் என்று குறிப்பிடுகிறது. ஆனால் எலிஹு கவர்னர் ஆனது 1687 ஜூலையில். ஜனவரியில் இறந்த குழந்தையின் அப்பா அப்போதே எப்படிக் கவர்னர்? கல்லறையைத் தாமதமாகக் கட்டியிருப்பார்கள் என்று இரண்டு வாரம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய ஆண்டின் கடைசி மாதங்கள். சித்திரையில் வருடம் பிறக்கும் ஊர்க்காரனுக்கு இது உடனே தட்டுப்பட்டிருக்க வேண்டும். நம் கணக்கில் அது 1688 ஜனவரி. அன்றிலிருந்து ஜனவரி முதல் மார்ச் 24 வரையான எந்தத் தேதியையும் 1687/8 என்று இரட்டையாகத்தான் எழுதுகிறேன். அமெரிக்கக் குடியேற்றக் காலத்தில் கை வைப்பவர்கள் முதல் நாளே இதைப் பழகிக்கொள்வது நல்லது.

அடுத்து எலிஹுவின் அப்பா. இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட வம்சாவளியில் தாமஸ் என்று இருந்தது. நம்பி, மையால் எழுதிவிட்டேன். பிறகு பார்த்தால் தாமஸ் சித்தப்பா, அப்பா டேவிட். வெள்ளை மை வாங்கி அழித்தேன். இனி ஒரு உறவை ஆவணமோ அதன் அச்சுப் பிரதியோ பார்த்தால்தான் மை, மற்றதெல்லாம் பென்சில்.

என் மேல் மட்டும் தப்பில்லை. எலிஹுவின் தாத்தா தாமஸ், சித்தப்பா தாமஸ், சித்தப்பாவின் மகன் தாமஸ், கூடப் பிறந்த தம்பியும் தாமஸ். அந்தத் தம்பியும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கிழக்கே வந்தவர் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. டேவிட் கணக்கும் இதேதான்: கொள்ளுத்தாத்தா, அப்பா, அண்ணன், மகன். பெயரன் என்ற சொல்லே தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அந்த விதியை வைத்துப் பார்த்தால் டேவிட், தாமஸ், டேவிட் என்று மாறி மாறி வரிசை பிடிபடுகிறது. எலிஹு ஒருவர்தான் நடுவில் புது ஆள். அவர் மகனுக்கு மறுபடியும் தாத்தா பெயரே வந்துவிட்டது.

யேல் என்பதும் ஆதியில் குடும்பப் பெயர் அல்ல. இவர்களின் பூர்விகமான வேல்ஸில் அந்தக் காலத்தில் நம்மைப் போலத் தகப்பன் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். இன்னாரின் மகன் இன்னார் என்பதற்கு நடுவில் "ஆப்" என்று வரும். இங்கிலாந்துக்காரர்களின் பழக்கம் பரவியபோது இவர்கள் தங்கள் வட்டாரமான யால் என்ற ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அது ஆங்கில வாயில் யேல் ஆனது.

சரி, தாத்தா தாமஸ் வரை வந்தேன். அவர் 1619இலேயே இறந்துவிட்டார், அமெரிக்காவைப் பார்த்ததே இல்லை. பிறகு பிள்ளைகளை அங்கே கொண்டுபோனது யார்? யேல் என்று போட்டுப் போட்டுத் தேடினேன், ஒன்றும் நகரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலித்துப்போய், தாத்தாவை விட்டுவிட்டுப் பாட்டியின் பெயரில் தேடினேன். மடை திறந்த மாதிரி ஆயிற்று.

பாட்டி ஆன் லாயிட், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாயிடின் மகள். கணவர் இறந்த பிறகு தியோபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரை மறுமணம் செய்துகொண்டார். 1637இல் ஈட்டனும் ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியாரும் ஒரு கூட்டத்தோடு பாஸ்டனில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு தெற்கே போய் நியூ ஹேவன் ஊரை நிறுவினார்கள். ஈட்டன் அதன் கவர்னராகி, 1657/8 ஜனவரியில் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். ஆனின் யேல் பிள்ளைகள் மூவரும் மாற்றாந்தகப்பன் குடும்பமாகத்தான் அமெரிக்கா போனார்கள். பாட்டியின் இரண்டாவது கல்யாணம் இல்லையென்றால் பாஸ்டன் இல்லை, எலிஹுவும் அங்கே பிறந்திருக்கப்போவதில்லை. நானோ மூன்று வாரம் ஆண்வழியையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

ஆனைப் பற்றி எழுத்தில் நிறைய இருக்கிறது, காரணம் அவர் மாட்டிக்கொண்டார் என்பதுதான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு என்று ஒரு நூலைப் படித்து முடிவு செய்து, கவர்னர் மனைவியாக இருந்தும் அந்தச் சடங்கு தொடங்கும் முன் ஆலயத்தை விட்டு எழுந்து போனார். சபை விசாரித்தது. மாமியாரை அறைந்தது முதல் வீட்டுச் சண்டை அத்தனையும் குற்றப்பட்டியலில் ஏறியது. 1645இல் சபையிலிருந்து விலக்கினார்கள். மாமியார் பக்கத்து நியாயம் என்னவோ! எனக்கென்னவோ, அறைந்த வழக்கு பின்னால் சேர்த்த சங்கதி, நூல்தான் அசல் குற்றம் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் அதே ஆண்டில் மகளுக்கும் புத்தகத்தால்தான் கெட்ட பெயர். மகள் பெயரும் ஆன். கணவர் எட்வர்ட் ஹாப்கின்ஸ், கனெக்டிகட்டின் கவர்னராக இருந்தவர். அந்தப் பெண்ணுக்குச் சித்தம் கலங்கியது. எந்நேரமும் படிப்பும் எழுத்துமாக இருந்ததே காரணம் என்று மாசசூசெட்ஸ் தலைவர் ஜான் வின்த்ரப் தன் நாட்குறிப்பில் எழுதினார். நிறைய எழுதியதாக அவரே சொல்கிறார். அதில் ஒரு வரியாவது எங்காவது கிடக்காதா என்று தேடினேன். எனக்கு அகப்படவில்லை.

எலிஹுவின் அப்பா டேவிட்டும் அடங்கியவர் இல்லை. 1646இல் பாஸ்டனின் சபை ஆதிக்கத்தை எதிர்த்து ராபர்ட் சைல்ட் என்பவரோடு மனுவில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர். மனு கொடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1652 வாக்கில் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிவிட்டார். எலிஹுவுக்கு அப்போது மூன்று வயது. அதன் பிறகு அமெரிக்கா பக்கம் அவர் போகவே இல்லை. 1672இல் மதராஸ், 1680 நவம்பர் 4இல் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தில் கல்யாணம். ஆலயத் திருமணப் பதிவேட்டின் முதல் பதிவே அதுதான். மணப்பெண் கேதரின், அதே ஆண்டு இறந்த ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. கல்லறையில் இருவர் ஏன் சேர்ந்து கிடக்கிறார்கள் என்பதற்கு விடை கிடைத்தது: அம்மாவின் முதல் கணவர் பக்கத்தில் பிள்ளையை வைத்திருக்கிறார்கள். பாட்டியைப் போலவே எலிஹுவின் மனைவியும் மறுமணம் செய்தவர்.

எலிஹு பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள், அதையும் சார்ட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 நூல்கள், ஓர் அரச உருவப்படம். சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது, அவற்றைப் பெற்ற நியூ ஹேவன் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது, இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். அவருக்குப் பிறகு அவர் வழியில் யேல் என்ற பெயர் தொடரவில்லை, மகள்கள் வழிதான்.

நியூ ஹேவனிலேயே தங்கியது சித்தப்பா தாமஸ். அவர் மனைவி மேரி, கேப்டன் நதானியேல் டர்னரின் மகள். அந்த டர்னர் 1645/6 ஜனவரியில் உறைந்த துறைமுகத்தின் பனிக்கட்டியை வெட்டி வழிசெய்து புறப்பட்ட கப்பலில் போனவர், கப்பல் திரும்பவே இல்லை. சித்தப்பா 1683இல் இறந்தார். அவர் மகன் தாமஸ் 1670இல் வாலிங்ஃபோர்ட் என்ற புது ஊரில் முதல் குடியேறிகளோடு போனார். இந்த வழியில்தான் லைனஸ் யேல் வருகிறார், 1860களில், உள்ளே சிறு ஊசிகளால் இயங்கும் "பின் டம்ளர்" பூட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர். கதவில் யேல் என்று பொறித்த பூட்டுகள் இருக்கின்றனவே, அந்த யேல்.

வாலிங்ஃபோர்ட் தாமஸிலிருந்து லைனஸ் வரை இடையில் உள்ள தலைமுறைகள் என் சார்ட்டில் இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன. 1908இல் அச்சான குடும்ப வரலாறு ஒன்று அவற்றை நிரப்பிக் கொடுக்கிறது. ஆனால் ஊர்ப் பதிவுகளோடு நானே ஒத்துப் பார்க்கும்வரை மை கிடையாது. ஃபேமிலி சர்ச் (FamilySearch) என்ற வம்சாவளித் தளத்தில் கனெக்டிகட் பதிவுகளை இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் புரட்டுகிறேன். அந்தக் காலத்துக் கையெழுத்தில் நீளமான எஸ் எழுத்து எஃப் மாதிரி தெரியும். கண் பழகப் பத்து நாள் பிடித்தது.

பழைய சார்ட்டில் இடமில்லை. எலிஹுவை நடுவில் வைத்து ஆரம்பித்ததால் அமெரிக்கக் கிளை முழுவதும் ஓரத்தில் மடங்கிக் கிடக்கிறது. நேற்று இரண்டு சார்ட் வாங்கி ஒட்டினேன். மேலே முதல் பெயராக ஆன் லாயிட் என்று மையால் எழுதியாயிற்று. இடப் பக்கம் தாமஸ் யேல், வலப் பக்கம் ஈட்டன்.