பானை அடியில இருக்கற பேரு

அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல இருக்கற அல்புகர்க்கிக்கு நாங்க குடிவந்த புதுசுல வாங்கின முதல் பானை இன்னும் ஹால்லதான் இருக்கு, டிவி பக்கத்துல. உள்ளங்கைக்குள்ள அடங்கற சைஸ், வெள்ளையில கறுப்புக் கோடு, அடியில ஒரு கையெழுத்து, அதுக்குக் கீழ ஒரு பியூப்லோ பேரு, பியூப்லோன்னா இங்க இருக்கற பூர்வகுடிங்களோட ஊரு. 45 டாலர். கடைக்காரர் எல்லாமே கையால பண்ணதுன்னு சொன்னாரு, நானும் பானையைக் கவுத்து அடியில பேரு இருக்கான்னு பாத்தேன், இருந்துச்சு, வாங்கிட்டேன். ஒரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது, அது அச்சுல வார்த்து எலக்ட்ரிக் சூளையில சுட்ட பானை, மேல வரைஞ்சது மட்டும்தான் கையாலன்னு. தெரிஞ்சவங்க ஒருத்தங்க கையில வாங்கின உடனே சொல்லிட்டாங்க. உள்ள விரல விட்டா மேடு பள்ளமே இல்லாம டம்ளர் மாதிரி ஒரே சீரா இருக்கு, வெளிய வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு, ரெண்டு அச்சும் சேர்ற எடம்.

அடியில பேரு எழுதினவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவங்களும் பொழைக்கணும், அந்தக் கோடெல்லாம் நிஜமாவே அழகா போட்டிருக்காங்க. கடையில சொன்ன வார்த்தைதான் உறுத்துச்சு. நேட்டிவ் ஆளுங்க, அதாவது பூர்வகுடிங்க, செய்யாததை அவங்க செஞ்சதுன்னு சொல்லி வித்தா அமெரிக்காவுல 1990ல வந்த சட்டப்படி ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, ஆனா வரைஞ்சவர் நேட்டிவ்தான்னா அந்தச் சட்டத்துல இதைப் பிடிக்கறது கஷ்டம். சரி அது போகட்டும். அன்னிக்கு எனக்குள்ள வந்த கேள்விதான் இந்தப் பதிவு. பானை அடியில ஒரு பேரைப் பாத்தா அந்தப் பேரு நமக்கு என்னத்த சொல்லுது?

நியூ மெக்சிகோவுல 19 பியூப்லோ இருக்கு, அரிசோனா பக்கம் ஹோப்பி மக்களோட ஊருங்க. பியூப்லோங்கறது ஸ்பானிஷ்காரங்க வெச்ச பேரு, ஊருன்னு அர்த்தம், அவங்களுக்கு அவங்க அவங்க பாஷையில தனித்தனி பேரு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கும் மேல இங்க பானை செய்யறாங்க, சக்கரம் கிடையாது, சூளை கிடையாது. மண்ணைத் தோண்டறதுக்கு முன்னாடி மக்காச்சோள மாவு வெச்சு வேண்டிக்கறாங்க, மண்ணுதான் அவங்களுக்கு அம்மா, மண் அம்மாகிட்ட கேக்காம எடுக்க மாட்டாங்க. அதை ஊறவெச்சு, சலிச்சு, எரிமலைச் சாம்பலோ மணலோ கலந்து மிதிச்சுப் பிசைஞ்சு, கயிறு மாதிரி உருட்டி, ஒரு சின்ன தட்டுக்குள்ள அடியை உக்கார வெச்சு அதுமேல சுத்திச் சுத்தி அடுக்கிக்கிட்டே வரணும். அந்தத் தட்டுக்குப் பேரு புக்கி. சுரைக்குடுக்கையை உடைச்சுத் துண்டா வெச்சிருப்பாங்க, அதாலதான் உள்ளயும் வெளியயும் வழிச்சு வழிச்சு சுவரை மெல்லிசாக்கறது.

நான் கிட்ட இருந்து பாத்தது பாலிஷ் போடறதைத்தான். ஒரு சனிக்கிழமை நானும் பொண்ணும் ஒரு டெமோவுக்குப் போயிருந்தோம், சான்டா கிளாரா பியூப்லோவைச் சேர்ந்த ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், மடியில துணி விரிச்சு அதுமேல காஞ்ச பானையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. சிவப்பு மண்ணைத் தண்ணி மாதிரி கரைச்சு ஒரு துணியால பானை மேல பூசினாங்க, ஒண்ணு மேல ஒண்ணா பல தடவை, பூசின கையோட ஒரு கூழாங்கல்லை எடுத்து தேய்க்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல. யாரோ போட்டோ கேட்டப்பவும் தலை நிமிரல, தண்ணி குடிக்கல, ஏன்னா ஈரம் போறதுக்குள்ள மொத்தப் பானையும் பளபளப்பாகிடணும், நடுவுல நிறுத்தினா அந்த எடம் காஞ்சு பட்டை பட்டையா தெரியும், எல்லாத்தையும் சுரண்டிட்டு முதல்ல இருந்து பூசணும். கல்லு ஓடறப்ப சன்னமா ஒரு சத்தம் வரும், முதல்ல வறவறன்னு இருந்தது போகப்போக வழவழன்னு மாறிடுச்சு, பாக்காமலே காதை வெச்சு சொல்லலாம் எந்தப் பக்கம் முடிஞ்சிருக்குன்னு. முடிச்சிட்டு கல்லை என் பொண்ணு கையில குடுத்தாங்க. அவங்க பாட்டியோட கல்லாம். கட்டைவிரல் படற எடத்துல லேசா குழிஞ்சிருந்துச்சு, என் பொண்ணு விரல் அதுக்குள்ள ஆடிச்சு, அவ்வளவு பெரிய குழி.

இப்படித் தேய்ச்ச பானையைச் சுட்டுக் கறுப்பாக்கறாங்க, அந்தக் கறுப்புப் பானையைப் பாத்தா எல்லாரும் க்ளேஸ்னு, அதாவது பீங்கான் மேல இருக்கற மாதிரி கண்ணாடிப் பூச்சுன்னு நெனைப்பாங்க, க்ளேஸே கிடையாது, அந்தக் கல்லுத் தேய்ப்புதான் பளபளப்பு. கறுப்பும் பெயின்ட் இல்ல. சுடறதுக்கு முன்னாடி பானை சிவப்புதான். வெட்டவெளியில கம்பி வலை மேல பானைகளை அடுக்கி, சுத்தி தகரம் வெச்சு மறைச்சு, அடியில விறகு, சுத்தி வரட்டி, நம்ம வரட்டியேதான், மாட்டுச்சாணி. நல்லா எரிஞ்சு சூடேறினதும் குதிரைச் சாணியைப் பொடி பண்ணி அது மேல குமிச்சு மூட்டம் போட்டுடுவாங்க. காத்து உள்ள போகாது, புகை வெளிய போகாது, அந்தப் புகைக்கரி மண்ணுக்குள்ள எறங்கி பானை கறுத்துடும். மூட்டம் போடாம விட்டா அதே மண்ணு, அதே பானை, சிவப்பாவே வெளிய வரும். காத்தடிச்சா போச்சு, அதனால விடியக்காலையிலயே ஆரம்பிக்கறாங்க. உள்ள இருந்து பட்டுன்னு ஒரு சத்தம் கேட்டா ஒரு பானை போச்சுன்னு அர்த்தம், நாலு மாச வேலையா இருந்தாலும் சரி. நாங்க பாத்த அன்னிக்கு ஒரு தடவை கேட்டுச்சு. யாருமே பேசல.

இப்ப பேரு விஷயத்துக்கு வர்றேன். உலகத்துக்கே தெரிஞ்ச பியூப்லோ பேருன்னா அது மரியா மார்ட்டினெஸ்தான், சான் இல்டெஃபொன்சோ பியூப்லோ, 1887ல பொறந்து 1980 வரைக்கும் இருந்தவங்க. சின்ன வயசுல சொந்தத்துல பெரியவங்க ஒருத்தங்ககிட்ட பானை செய்யக் கத்துக்கிட்டாங்க. 1900களோட முதல் பத்து வருஷத்துல எட்கர் ஹியூவெட்ங்கற தொல்லியல்காரர் அந்தப் பக்கம் பழைய ஊருங்களைத் தோண்டினாரு, மரியாவோட வீட்டுக்காரர் ஜூலியனும் அங்க வேலை பாத்தவர்தான். தோண்டினப்ப கெடைச்ச ஓட்டாஞ்சில்லுங்களைக் காட்டி இதே மாதிரி முழுப் பானை செஞ்சு தர முடியுமான்னு ஹியூவெட் கேட்டாரு. அங்க இருந்து ஆரம்பிச்சு பல வருஷம் சோதனை பண்ணிப் பண்ணி 1919 வாக்குல ரெண்டு பேரும் சேந்து கொண்டு வந்ததுதான் கறுப்பு மேல கறுப்பு. மரியா பானையை எழுப்பி பாலிஷ் போட்டுக் குடுப்பாங்க, ஜூலியன் அந்தப் பளபளப்பு மேல மண்கரைசலால டிசைன் வரைவாரு, சுட்டதும் வரைஞ்ச எடம் மங்கலா நிக்கும், வரையாத எடம் கண்ணாடி மாதிரி மின்னும். கொம்பு வெச்ச தண்ணிப் பாம்பு அவன்யூ பானையைச் சுத்தி வளைஞ்சு ஓடும் பாருங்க, அதெல்லாம் ஜூலியன் கை.

ஆனா அந்த ஊர்ல அதுவரைக்கும் யாரும் பானையில பேரு போட்டதில்ல. வாங்க வந்தவங்களுக்குத்தான் பேரு வேண்டியிருந்துச்சு. 1920கள்ல மரியா எழுத ஆரம்பிச்சாங்க, முதல்ல மரீன்னு மட்டும், பானை பொம்பளைங்க வேலைங்கறதால ஜூலியன் பேரு கொஞ்ச நாள் கழிச்சுதான் கூட சேந்துச்சு. 1943ல ஜூலியன் இறந்துட்டாரு, அப்புறம் மருமக சான்டானா வரைஞ்சாங்க, அப்ப அடியில மரீயும் சான்டானாவும், அதுக்கப்புறம் மகன் போப்போவி டா, அப்ப மரியாவும் போப்போவியும். அடியைப் பாத்தே அந்தக் குடும்பத்துல அப்ப யாரு பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு சொல்லிடலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, தன் பேரு இருந்தா பானைக்கு அதிக விலை கெடைக்குதுன்னு தெரிஞ்சதும் ஊர்ல மத்தவங்க செஞ்ச பானையிலயும் மரியா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. சேகரிக்கறவங்களுக்கு இது பெரிய தலைவலி, எது நிஜமா மரியாவோடதுன்னு இன்னும் அலசறாங்க. மரியாவுக்கு அதுல ஒரு தப்பும் தெரியல, கறுப்பு செய்யற வித்தையையே ஊர் முழுக்க சொல்லிக் குடுத்தவங்களுக்கு பேரைக் குடுக்கறதா பெரிசு. அவங்க செஞ்சதுதான் சரின்னு எனக்குத் தோணுது, ஏலக்காரங்க என்ன வேணா சொல்லட்டும்.

நம்பேயோன்னு இன்னொரு பானைக்காரங்க, அவங்க இதுக்கு நேரெதிர். ஹோப்பி நாட்டுல ஃபர்ஸ்ட் மேசாங்கற பாறை மேட்டு மேல ஹானோங்கற ஊரு, 1859 வாக்குல பொறந்தவங்க. சிக்யாட்கிங்கற கைவிட்டுப்போன ஊரோட பழைய பானைகள்ல இருந்து அந்த அகலமான தோளும் வளைஞ்ச பறவை டிசைனும் எடுத்து மறுபடியும் உயிர் குடுத்தவங்க. எழுதப் படிக்கத் தெரியாது, பேரும் போட்டதில்ல. வயசாக ஆகக் கண்ணு தெரியாமப் போயிடுச்சு, ஆனாலும் 1942ல சாகற காலம் வரைக்கும் விரலாலயே தடவிப் பாத்துப் பானையை எழுப்பினாங்க, வீட்டுப் பொண்ணுங்க வரைஞ்சாங்க. அந்தப் பானைக்கு யாரு பேரைப் போடறது?

அகோமா பியூப்லோவுல பாத்தா இன்னொரு விதம். பாறை மேட்டு உச்சியில இருக்கற ஊரு, கூட்டிட்டுப் போறதுக்கு அவங்க ஆளு வந்தாத்தான் மேல விடுவாங்க. அங்க பானைச் சுவரு அப்படி ஒரு மெல்லிசு, அங்க பானை செஞ்ச லூசி லூயிஸ் யூக்காங்கற செடியோட இலையை நார் நாரா ஆக்கின பிரஷ்ஷாலதான் அந்த மயிரிழைக் கோடெல்லாம் போட்டாங்க. அந்த ஊர் மண்ணுல கலக்கறது சாம்பல் இல்ல, உடைஞ்ச பழைய பானையோட ஓட்டாஞ்சில்லு, பொடி பண்ணிக் கலப்பாங்க. அந்தப் பழைய பானைக்குள்ளயும் அதுக்கு முந்தின பானையோட பொடி இருந்திருக்கும். கொச்சிட்டி பியூப்லோவுல ஹெலன் கொர்டேரோங்கறவங்க 1964ல ஊருக்கெல்லாம் கதை சொல்ற தன்னோட தாத்தாவை நெனைச்சு, மேலெல்லாம் கொழந்தைங்க ஏறி உக்காந்திருக்கற மண்பொம்மை ஒண்ணு பண்ணாங்க, இன்னிக்கு எத்தனையோ பியூப்லோவுல அந்தப் பொம்மை செய்யறாங்க.

2022ல எங்க மாநிலத் தலைநகரம் சான்டா ஃபேல ஒரு பியூப்லோ பானை எக்சிபிஷன் வந்துச்சு, அடுத்த வருஷம் நியூயார்க் மெட் மியூசியத்துக்கும் போச்சு. பியூப்லோக்காரங்களே அறுபது பேருக்கு மேல சேந்து ஆளுக்கு ஒண்ணு ரெண்டு பானையைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் தனக்கு முக்கியம்னு அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க. காலவரிசை கிடையாது. செஞ்சது யாருன்னு தெரியாத பானைங்கதான் நிறைய, ஆனா ஒவ்வொண்ணு பக்கத்துலயும் உயிரோட இருக்கற ஒருத்தரோட பேரு. நான் ஒவ்வொரு கார்டையும் நின்னு படிச்சேன், மூடற நேரம் வரைக்கும்.

போன வருஷம் ஆகஸ்ட்ல சான்டா ஃபே இந்தியன் மார்க்கெட்டுக்குப் போனேன், 1922லயே ஆரம்பிச்ச சந்தை அது, ஊர் நடுவுல இருக்கற பிளாசாங்கற சதுக்கத்தைச் சுத்தித் தெருத்தெருவா ஸ்டால், செஞ்சவங்களே நின்னு விப்பாங்க. ஒரு ஸ்டால்ல அம்மாவும் மகனும். ஒரு சின்னக் கறுப்புப் பானை, 220 டாலர், கேட்டுட்டு எடுத்துப் பாத்தேன். இந்தத் தடவை அடியைத் திருப்பல, முதல்ல வாய்க்குள்ள விரல விட்டேன். உள்ள பாலிஷ் இல்ல, சொரசொரன்னு, சுரைக்குடுக்கை வழிச்ச தடம் பட்டை பட்டையா விரல்ல பட்டுச்சு, ஒரு எடத்துல உருட்டின மண்ணு சேர்ற மேடு கூட லேசா தெரிஞ்சுது. அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, சிரிச்சாங்க. அப்புறம்தான் திருப்பினேன், ரெண்டு பேரு இருந்துச்சு. எழுப்பினது நான், பாலிஷ் எங்கம்மா, அவங்களால இன்னிக்கு வர முடியல, முட்டி வலின்னாங்க. அப்ப உங்க பையன் என்ன பண்ணான்னு கேட்டேன். சாணி பொறுக்கினது அவன்தான்னு சொல்லி அவன் தோள்ல ஒரு தட்டு தட்டினாங்க.

நியூஸ்பேப்பர்ல ரெண்டு சுத்து சுத்திக் குடுக்கறப்ப சொன்னாங்க, இதுல தண்ணி ஊத்தாதீங்க, ஈரத்துணியாலயும் துடைக்காதீங்க, பாலிஷ் போயிடும், காஞ்ச மெத்துத்துணி போதும், அப்பப்ப கையில எடுத்துப் பாருங்கன்னு.