வெளிநாட்டுச் சிறையில் இருப்பவருக்காக டெல்லிக்கு மனுவோடு வருகிறவர்களுக்கு

ஊரிலிருந்து ரயிலேறி வரும் குடும்பங்கள் புது டெல்லி ஸ்டேஷனில் இறங்கியதும், போராட்டம் நடத்தும் இடமான ஜந்தர் மந்தருக்குத்தான் வழி கேட்கிறார்கள். அங்கே போகத்தான் வேண்டும், ஆனால் முதலில் அல்ல. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் போடும் கோஷம் உள்ளே இருப்பவருக்கு உதவாது. சில நேரம் கெடுத்தும் விடும்.

முதல் வேலை ஒரு பக்கத் தாள். பாஸ்போர்ட் எண், கைதான தேதி, சிறையின் பெயர், வழக்கு எண், குற்றச்சாட்டு, அடுத்த வாய்தா, அங்குள்ள வக்கீலின் போன் எண் ஆகியவை ஆங்கிலத்தில், அதே பக்கத்தில் இருக்க வேண்டும். நம்மவர்கள் விஷயத்தில் பெயர்தான் பெரிய இடைஞ்சல். ஊரில் எஸ்.முருகன், பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணியன், சிறைப் பதிவேட்டில் அப்பா பெயர் முன்னால் போய், அரபியில் எழுதி, திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது வேறு ஆளாகவே ஆகியிருப்பார். 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்ற பதில் பல நேரம் இதனால்தான் வருகிறது. எல்லாக் கடிதத்திலும் பாஸ்போர்ட் எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள்.

அடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் பதிவு. அங்கே கிடைக்கும் புகார் எண்தான் இனி எல்லாவற்றுக்கும் பிடி. எம்.பி.க்கு எழுதினாலும், சென்னையில் வெளிநாடு வாழ் தமிழர் நலத்துறைக்கு எழுதினாலும் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

தூதரக அதிகாரி சிறையில் போய்ப் பார்ப்பதற்கு தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு வழி தருகிறது. ஆனால் கைதி கேட்டால்தான் அந்த நாடு தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டது. அவர் வேண்டாமென்றால் அதிகாரி தலையிட முடியாது. அதனால் சிறையிலிருந்து போன் வந்தால், அழுது முடிக்கும் முன்னே இதைச் சொல்லிவிடுங்கள்: "எம்பஸி ஆளைப் பார்க்கணும்னு எழுதிக் கொடு. என் விவரத்தை வீட்டுக்குச் சொல்லலாம்னும் எழுது." கூடவே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனுவில் தனி வரியாகக் கேளுங்கள். இந்தியர் என்றால் இந்தி போதும் என்று விட்டுவிடுவார்கள். புரியாத தாளில் போட்ட கையெழுத்தைப் பிறகு மாற்றுவது மகா கஷ்டம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். 2009இல் தொடங்கிய நிதி அது. பணம் தூதரகம் வழியாகத்தான் போகும், குடும்பத்தின் கைக்கு வராது.

தண்டனை வந்த பிறகு வழி பிரிகிறது. மிச்சத் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்த நாட்டோடு ஒப்பந்தம் வேண்டும், இரு அரசும் கைதியும் சம்மதிக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதமாவது தண்டனை பாக்கி இருக்க வேண்டும், மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. மரண தண்டனைக் கைதிக்கு இது பொருந்தாது. ஒரு கையால் அப்பீலும் மறு கையால் மாற்றல் மனுவும் போட்டால் இரண்டாவது அப்படியே கிடக்கும். மன்னிப்புக்கும் இதே கணக்கு வரலாம். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பில் தூக்குத் தண்டனை பெற்ற ஐந்து தமிழக மீனவர்கள் விஷயத்தில் அப்பீலை வாபஸ் வாங்கிய பிறகே அதிபரின் மன்னிப்பு வந்தது, நவம்பரிலேயே விடுதலையானார்கள். எதை எப்போது விடுவது என்பதை அங்குள்ள வக்கீலும் தூதரகமும் சேர்ந்து சொல்ல வேண்டும். வளைகுடாவில் ரமலான், தேசிய தினம் ஒட்டி மன்னிப்புப் பட்டியல் வரும். மனு பல வாரம் முன்பே போயிருக்க வேண்டும்.

கொலை வழக்கு, குருதிப் பணம் (மன்னிப்புக்காக இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் ஈட்டுத் தொகை) என்றால் தயவுசெய்து வாயைக் கட்டுங்கள். மன்னிக்க வேண்டியது இறந்தவரின் குடும்பம். இங்கே மைக்கில் பேசும் ஒரு வார்த்தை அன்று மாலையே மொழிபெயர்ப்பாகி அவர்கள் வீட்டுக்குப் போகிறது. திரட்டும் தொகையை ஊர் முழுக்கச் சொன்னால் பேரமும் அங்கிருந்தே ஏறும். பணம் கட்டி முடித்தாலும் அரசுத் தரப்பு வழக்கு தனியாக நிற்கலாம்.

நாடாளுமன்றம் நடக்கும்போது வருவதுதான் பலன். கேள்வி நேரத்துக்கு வெளியே அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் உங்கள் எம்.பி. பேசினால் செய்தியாகும், அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. மக்களவை நடைமுறை விதி 377இன் கீழ் அவர் எழுப்பினால் எழுத்தில் பதில் எதிர்பார்க்கலாம். 250 வார்த்தைக்குள் வாசகத்தை நீங்களே எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். கேள்வி நேரத்துக்கு 15 நாள் முன் நோட்டீஸ் வேண்டும். 'என்ன நடவடிக்கை?' என்று கேட்காதீர்கள். 'அதிகாரி கைதியைக் கடைசியாகச் சந்தித்த தேதி எது?' என்று கேளுங்கள். தகவல் உரிமை மனுவிலும் அதையே கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரக் கெடு உண்டு. அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஜந்தர் மந்தரில் உட்கார போலீஸ் அனுமதியை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். பதாகையில் கைதியின் முகமும் கோரிக்கையும் போதும். அந்த நாட்டு மன்னரையோ நீதிபதியையோ திட்டி ஒரு வரி வேண்டாம். பல நாடுகளில் அதுவே தனிக் குற்றம்.

விடுதலை உத்தரவு வந்ததும் பட்டாசு வாங்கப் போகாதீர்கள். கடன் வழக்கோ பயணத் தடையோ பாக்கி இருக்கிறதா என்று அன்றே வக்கீலிடம் கேளுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் தரும். அதற்கான போட்டோவும் பழைய பாஸ்போர்ட் நகலும் முன்பே போய்ச் சேர்ந்திருக்கட்டும்.