எரிகோவின் சோதனை மலை: பிசாசு பாதியில நிறுத்தின வசனம்

எருசலேம்ல இருந்து எரிகோவுக்குப் போற ரோடு முழுக்க இறக்கம்தான். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 750 மீட்டர், எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் 250 மீட்டர், ஒரு மணி நேரம் கூட முழுசா ஆகாத பஸ் பயணத்துல ஆயிரம் மீட்டர் கீழ இறங்குறோம், காது அடைச்சுக்குது. நல்ல சமாரியன் உவமைல அந்த மனுஷன் கள்ளர் கையில அகப்பட்டது இந்த வழிலதான்னு நம்ம கூட வந்த பாஸ்டர் ஐயா சொன்னதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிட்டோம்.

வனாந்தரம்னா மணல்மேடுன்னு நினைச்சிட்டு வந்தவங்கதான் எங்க குரூப்ல அதிகம். யூதேயா வனாந்தரம் அப்படி இல்ல. வெளிறிப்போன மொட்டை மலைங்க, நடுவுல ஆழமான பள்ளத்தாக்கு, மரம் கிடையாது, நிழல் கிடையாது, பாக்குற இடமெல்லாம் கல்லு. அதுல நிறைய கல்லு உருண்டையா, சுட்டு வெச்ச அப்பம் மாதிரியேதான் கிடக்கு. மத்தேயு 4ல இயேசு வனாந்தரத்துல நாற்பது நாள் உபவாசமா இருந்து பசியா இருந்தப்போ, பிசாசு வந்து இந்தக் கல்லுகள அப்பமாக்கச் சொல்லி சோதிச்சான்னு இருக்கு. நாற்பது நாள் சாப்பிடாத ஒருத்தர் கண்ணுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு அங்க நிக்கும்போதுதான் புரியுது.

எரிகோவுக்கு மேற்கால செங்குத்தா நிக்குது சோதனை மலை, அரபில ஜெபல் குருந்துல்னு சொல்றாங்க. வேதத்துல மலைக்குப் பேர் போடல, இந்த மலைதான்னு காலங்காலமா விசுவாசிகள் நம்பி வந்துட்டு இருக்காங்க, அந்தப் பாரம்பரியத்த மதிச்சுத்தான் நாங்களும் போனோம். அடிவாரத்துல தெல் எஸ்-சுல்தான், பழைய எரிகோ இருந்த மேடு, 2023ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. பக்கத்துலயே எலிசா உப்புப் போட்டு ஆரோக்கியமாக்கின ஊற்று, இன்னைக்கும் தண்ணி ஓடுது. அங்க இருந்து கேபிள் கார் மேல போகுது. இறங்கினதுக்கு அப்புறமும் படிக்கட்டு இருக்கு, வெயில்ல மூச்சு வாங்கும், வயசானவங்க மெதுவா ஏறுறது நல்லது.

மடம் மலைய ஒட்டி இல்ல, மலைக்குள்ளயே இருக்குன்னு சொல்லலாம். பாறையக் குடைஞ்ச குகை ஒரு பக்கம், வெளில தொங்குற மாதிரி மரப் பால்கனி ஒரு பக்கம். 4ஆம் நூற்றாண்டுலயே கரித்தோன்னு ஒரு துறவி இந்தக் குகைகள்ல ஜெபக் கூட்டம் ஒண்ண உருவாக்கினாராம், இப்ப இருக்கிற கட்டடம் 19ஆம் நூற்றாண்டு கடைசில கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை கட்டினது. உள்ள ஒரு சின்ன குகைச் சிற்றாலயம், இயேசு உட்கார்ந்ததா நம்புற ஒரு கல்லு. மெழுகுவர்த்திப் புகைல சுவர் கறுத்துப் போயிருக்கு. நிறைய பேர் அந்தக் கல்லத் தொட்டு ஜெபிச்சாங்க. நான் பால்கனிக்கு வந்துட்டேன், எனக்கு அந்த மலை பேசினது அங்கதான்.

அங்க நின்னு கிழக்கால பாத்தா கீழ எரிகோவோட பேரீச்சை மரங்க, அதத் தாண்டி யோர்தான் பள்ளத்தாக்கு, வலது பக்கம் தூரத்துல சவக்கடல், எதிர்ல மோவாப் மலைத்தொடர். மோசே கடைசியா ஏறின நேபோ மலை அந்தத் தொடர்லதான் இருக்கு. மோசே ஜனங்களுக்குக் கடைசியா பேசினத சொல்ற உபாகமம் முழுக்க எங்க பேசப்பட்டதுன்னு நினைச்சுப் பாருங்க, யோர்தானுக்கு அந்தப் பக்கம், எரிகோவுக்கு எதிரா இருக்கிற மோவாப் வெளில. இயேசு பிசாசுக்குச் சொன்ன மூணு பதிலும் உபாகமத்துல இருந்து எடுத்ததுதான். 8:3, 6:16, 6:13. அதாவது எந்த மண்ணுல அந்த வார்த்தைங்க முதன்முதல்ல பேசப்பட்டதோ அந்த மண்ணு கண்ணுக்கு எதிர்ல தெரியிற இடத்துல நின்னுதான் அவர் எதிர்த்து நின்னிருக்காரு. இத்தன வருஷமா மத்தேயு 4 வாசிச்சிருக்கேன், இந்த ரெண்டு இடமும் ஒண்ணுக்கொண்ணு எதிர் எதிரா இருக்குன்னு எனக்குத் தோணினதே இல்ல.

இஸ்ரவேல் ஜனங்க வனாந்தரத்துல நாற்பது வருஷம், இயேசு நாற்பது நாள். அவங்க அப்பத்துக்காக முறுமுறுத்தாங்க, இவர் பசியோட நின்னாரு. அவங்க மாசாங்கிற இடத்துல தண்ணி இல்லன்னதும் "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா"ன்னு கேட்டாங்க, பிசாசு தேவாலயத்து உப்பரிகைல, அதாவது உச்சில, நிறுத்தி கீழ குதின்னு சொன்னப்போ இவர் உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாகன்னு சொன்னாரு. அவங்க பொன் கன்னுக்குட்டி முன்னாடி விழுந்தாங்க, என்ன விழுந்து பணிஞ்சா உலகத்து ராஜ்யமெல்லாம் தர்றேன்னு பிசாசு சொன்னப்பவும் இவர் விழல. அவங்க தோத்த அதே இடங்கள்ல ஒவ்வொண்ணா இவர் ஜெயிச்சுக்கிட்டே வர்றாரு.

பாஸ்டர் ஐயா பால்கனிலயே எங்கள உட்கார வெச்சு 91ஆம் சங்கீதத்த எடுக்கச் சொன்னாரு. எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச சங்கீதம். பிசாசு இயேசு கிட்ட எடுத்துச் சொன்னது அதோட 11, 12 வசனங்கதான். தூதர்களுக்குக் கட்டளையிடுவார், உமது பாதம் கல்லில் இடறாதபடிக்கு ஏந்திக்கொண்டு போவார்கள்னு சொல்றான். சங்கீதத்துல "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி"ன்னு இருக்கு, மத்தேயுல பிசாசு சொல்லும்போது அந்த வரியே இல்ல. உப்பரிகைல இருந்து குதிக்கிறது தேவன் காட்டின வழி இல்லையே, அந்த வரி இருந்தா அவனோட வாதம் அங்கயே உடைஞ்சிரும். சரி, 12ல நிறுத்திட்டான், 13ல என்ன இருக்கு? "சிங்கத்தின்மேலும் விரியன்பாம்பின்மேலும் நீ நடந்து, பாலசிங்கத்தையும் வலுசர்ப்பத்தையும் மிதித்துப்போடுவாய்." தன்னோட தலை மிதிபடுற வசனத்துக்கு முன்னாடி நிறுத்திக்கிட்டான்! ஐயா இத வாசிச்சு முடிச்சதும் எங்க குரூப்ல ஒரு ஆன்ட்டி சத்தமா "அல்லேலூயா"ன்னாங்க, பக்கத்துல நின்ன வேற நாட்டு யாத்ரீகர்களும் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க.

பிசாசுன்னாலே நமக்கு பயங்கரமான உருவம், நடுராத்திரி, அலறல் இதுதான் மனசுல வரும். அன்னைக்கு அவன் வந்தது வேதம் பேசுற வாயோட. முதல் சோதனைல கூட அவன் கேட்டது பாவமான காரியம் மாதிரியே தெரியல, பசிக்குது, கல்லு இருக்கு, வல்லமை இருக்கு, அப்பம் பண்ணிக்கோ. அப்பம் சாப்பிடுறது பாவமா என்ன? அதே இயேசு பின்னாடி அஞ்சு அப்பத்த ஐயாயிரம் பேருக்குப் பெருகப் பண்ணினவர்தானே. இங்க கேள்வி அப்பம் இல்ல, பிதா சொல்லாம தன் வல்லமைய தனக்காக எடுத்துக்குறதா இல்லையாங்கிறதுதான். மூணாவது சோதனையும் அப்படித்தான், ஜாதிகள சுதந்தரமா தருவேன்னு பிதா ரெண்டாம் சங்கீதத்துலயே சொல்லியாச்சு, இவன் வந்து அதையே சிலுவை இல்லாம இப்பவே வாங்கிக்கோன்னு குறுக்கு வழி காட்டுறான். சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வானேன்னு பவுல் எழுதினத நாம ரொம்ப லேசா வாசிச்சிட்டுப் போயிடுறோம்.

இன்னைக்கு நம்ம போன்ல தினமும் வாக்குத்தத்த வசனம் வருது, எனக்கும் வருது, சந்தோஷம்தான். ஆனா எரேமியா 29:11 வர்ற அளவுக்கு 29:10 வந்து நான் பாத்ததில்ல. சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு 11ல சொல்றதுக்கு முன்னாடி 10ல பாபிலோன்ல எழுபது வருஷம் நிறைவேறணும்னு இருக்கு. எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டுன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம், அதுக்கு முந்தின வசனத்துல பட்டினியா இருக்கவும் குறைவுபடவும் பழகியிருக்கேன்னு பவுல் சொல்றாரு. பாதி வசனத்த வெச்சுக்கிட்டு காணிக்கை அனுப்புனா கடன் தீரும், இந்தத் தேதிக்குள்ள வேலை கிடைக்கும்னு சொல்றவங்க பின்னாடி எத்தன குடும்பம் போகுது, அது நடக்காதப்போ விசுவாசத்தையே விட்டுட்டு வெளிய போனவங்கள எனக்குத் தெரியும். எனக்கு இதுல உண்மையாவே மனசு வலிக்குது. வஞ்சகம் அந்த இடத்துலதான் வேலை செய்யுது, தேவன் சொல்லாத ஒண்ண சொன்னதா நம்ப வெச்சிட்டு, அது நடக்கலன்னதும் பாத்தியா அவர் பொய்யர்னு காதுல ஓதுறது. ஏதேன்லயும் இதே வேலைதான், "தேவன் சொன்னது உண்டோ"ன்னுதானே ஆரம்பிச்சான்.

அம்மா ஆஸ்பத்திரில இருந்த மாசங்கள்ல எனக்கும் அந்தக் குரல் தெரியும். நீ அவரோட பிள்ளையா இருந்தா உன்ன இப்படி விடுவாரா, அவர் இருக்காரா இல்லையான்னு இப்ப நிரூபிக்கச் சொல்லு. மாசாவுல கேட்ட அதே கேள்வி. அம்மா பிழைக்கல. அந்த ராத்திரிகள்ல எனக்குப் புதுசா எந்த வெளிப்பாடும் வரல, தூதனும் வரல, சின்ன வயசுல அம்மாவே சொல்லிக் கொடுத்த 23ஆம் சங்கீதம் மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு, நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர். அத விடாம சொல்லிட்டே இருந்தேன், அவ்வளவுதான் நான் செஞ்சது. இயேசுவும் வனாந்தரத்துல சுருளத் திறந்து தேடினார்னு இல்ல, உள்ள ஏற்கனவே இருந்தது வெளிய வந்துச்சு. பசில தள்ளாடும்போது புதுசா படிக்க முடியாது, முன்னாடியே உள்ள போயிருக்கணும். பிள்ளைங்களுக்கு வசனம் மனப்பாடம் பண்ண வைக்கிற ஞாயிறு பள்ளி டீச்சருங்க எவ்வளவு பெரிய வேலை செய்றாங்கன்னு அவங்களுக்கே தெரியுமான்னு எனக்குத் தெரியல.

திரும்ப இறங்கும்போது கேபிள் கார்ல எங்க கூட வந்த தம்பி ஒருத்தன் கேட்டான், "ஐயா, இவ்வளவு தோத்த பிறகாவது அவன் விட்டுட்டுப் போயிருக்கணும்ல?" ஐயா லூக்கா 4:13 வாசிச்சாரு, பிசாசு சிலகாலம் அவரை விட்டு விலகிப்போனான். சிலகாலம்தான். அப்புறம் நண்பனா இருந்த பேதுரு வாய்ல இருந்தே வந்தான், சிலுவை வேண்டாம்னு சொன்னப்போ எனக்குப் பின்னாகப் போ சாத்தானேன்னு இயேசு சொல்ல வேண்டியிருந்துச்சு. கடைசில சிலுவைக்குக் கீழ நின்னவங்க வாய்ல இருந்து, நீ தேவனுடைய குமாரனானால் இறங்கி வான்னு. உப்பரிகைல கேட்ட அதே கேள்வி, இப்ப ஆணி அடிச்ச பிறகு. அவர் இறங்கல. உயிர்த்தெழுந்த பிறகு கலிலேயா மலைல நின்னு வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதுன்னு சொன்னாரு, பிசாசு காட்டினது பூமி மட்டும்தானே, பிதா கொடுத்தது வானமும் சேர்த்து. தம்பி அதக் கேட்டுட்டு நோட்டுல எழுதிக்கிட்டான்.

மத்தியானத்துக்கு மேல யோர்தான் நதிக்கரைல கஸ்ர் எல்-யஹூத் போனோம், இயேசு ஞானஸ்நானம் எடுத்த இடம்னு நம்புற இடம், எரிகோவுக்குக் கிழக்கால பக்கத்துலயே. நதி ரொம்ப குறுகல், அக்கரை ஜோர்டான் நாடு, அங்க நிக்கிறவங்க முகம் கூடத் தெரியுது. எங்க குரூப்ல சில பேர் வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு தங்களோட ஞானஸ்நான உடன்படிக்கையப் புதுப்பிக்க தண்ணில இறங்கினாங்க, அழுகையும் பாட்டுமா இருந்துச்சு. வேதத்துல முதல்ல இந்த நதி, அப்புறம்தான் அந்த மலை, நாங்க டூர் வசதிக்காகத் தலைகீழா வந்திருந்தோம். அவங்க நனைஞ்ச துணியோட கரையேறி நின்னப்போ ஐயா மத்தேயு 3ஆம் அதிகாரத்தோட கடைசி வசனத்த வாசிச்சாரு, இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன். எல்லாரும் ஆமென் சொல்ல வாயெடுத்தாங்க, அவர் நிறுத்தாம அப்படியே 4ஆம் அதிகாரம் முதல் வசனத்துக்குப் போயிட்டாரு, அப்பொழுது இயேசு பிசாசினால் சோதிக்கப்படுவதற்கு ஆவியானவராலே வனாந்தரத்திற்குக் கொண்டுபோகப்பட்டார். அதுக்கு அப்புறம்தான் நாங்க ஆமென் சொன்னோம்.